இதய வால்வில் ரத்தம் ஏன் இரைகிறது? எக்கோ அறையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் எக்கோ (ஒலி அலையால் இதயத்தைப் பார்க்கும் ஸ்கேன்) டெக்னீஷியனாக 19 வருஷமாக வேலை பார்க்கிறேன். ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுவது இதய மருத்துவர். ஆனால் இருட்டு அறையில் இடதுபக்கம் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு, மெஷினிலிருந்து வரும் 'வுஷ், வுஷ்' சத்தத்தைக் கேட்டதும், "என்ன தாயி, உள்ள இப்படி இரையுது?" என்று கேட்பது என்னிடம்தான். அந்த இரைச்சலைப் பற்றிய கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். எந்த மருந்தையும் இதைப் படித்துவிட்டுத் தொடங்கவோ நிறுத்தவோ வேண்டாம்; அதை உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

ரத்தம் கொந்தளிக்கிறது என்கிறார்களே, அப்படியென்றால் என்ன?

வீட்டுக் குழாயை லேசாகத் திறந்தால் தண்ணீர் கண்ணாடிக் கம்பி மாதிரி, சத்தமே இல்லாமல் இறங்கும். முழுக்கத் திறந்தால் வெள்ளை வெள்ளையாகச் சிதறி இரையும். முதலாவதைப் பள்ளிப் பாடத்தில் வரிச்சீர் ஓட்டம் என்று படித்திருப்பீர்கள். இரண்டாவதை இங்கே கொந்தளிப்பு என்றே சொல்கிறேன்.

எப்போது ஒன்று மற்றொன்றாக மாறும் என்பதை 1883இல் மான்செஸ்டரில் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் கண்ணாடிக் குழாயில் சாயம் விட்டுக் காட்டினார். மெதுவாக ஓடும்போது சாயம் ஒரு நூலாகவே போனது. வேகம் ஏறியதும் நூல் நெளிந்து, அறுந்து, குழாய் முழுக்கக் கலந்துவிட்டது. இதற்கு ஓர் எண் உண்டு. வேகம், குழாயின் விட்டம், திரவத்தின் அடர்த்தி மூன்றையும் பெருக்கிப் பாகுத்தன்மையால் வகுக்க வேண்டும். நேரான குழாயில் அந்த எண் 2000க்குக் கீழே இருந்தால் ஓட்டம் அமைதியாக இருக்கும். அதைத் தாண்டிப் போகப் போகக் கொந்தளிக்கும். இந்த நாலு சங்கதியையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கீழே வருகிற பாதிக் கேள்விகளுக்கு விடை இதில்தான் இருக்கிறது.

அப்படியானால் நல்ல இதயத்தில் கொந்தளிப்பே இருக்காதா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓய்வாக இருக்கும் ஒருவரின் இதயம் நிமிஷத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தத்தைத் தள்ளுகிறது. இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் கிளம்பும் பெரிய குழாயான மகாதமனியின் விட்டம் 2.5 செ.மீ. என்று வைத்தால், அங்கே சராசரி வேகம் விநாடிக்கு 17 செ.மீ.தான். ரெனால்ட்ஸ் எண் 1300ஐ ஒட்டி வரும். அமைதியான ஓட்டம்.

ஆனால் இதயம் மோட்டார் மாதிரி ஒரே சீராகத் தள்ளுவதில்லை. துடிப்புக்குத் துடிப்பு பீய்ச்சுகிறது. பீய்ச்சும் உச்சத்தில் வேகம் விநாடிக்கு 1 மீட்டரைத் தொடும், எண்ணும் 7000 வரை ஏறும். குழாய்க் கணக்குப்படி அப்போது ரத்தம் கொந்தளித்தே ஆக வேண்டும். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. வேகம் ஏறிக்கொண்டே இருக்கும் ஓட்டம் சீக்கிரம் கலையாது. வேகம் குறையத் தொடங்கும்போதுதான் கலையப் பார்க்கும், அதற்குள் வால்வு மூடிவிடுகிறது. நல்ல இதயம் கொந்தளிப்பின் விளிம்பு வரை போய்விட்டு, நாளைக்கு ஒரு லட்சம் தடவை பத்திரமாகத் திரும்பி வருகிறது. எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி இது.

வால்வை யார் மூடுகிறார்கள்? அதற்கென்று தசை இருக்கிறதா?

மகாதமனி வால்வுக்குத் தசை கிடையாது. மூன்று மெல்லிய இதழ்கள், அவ்வளவுதான். அவற்றைத் திறப்பதும் மூடுவதும் ரத்தமேதான்.

இதழ்களுக்குப் பின்னால் தமனிச் சுவரில் மூன்று சின்னக் குழிவுகள் இருக்கின்றன. வைகையில் தண்ணீர் வரும் நாளில் ஏ.வி. பாலத்துத் தூண்களுக்குப் பின்னால் பாருங்கள், தண்ணீர் நின்று சுழித்துக்கொண்டு கிடக்கும். அதே மாதிரி, திறந்த வால்வைத் தாண்டிப் போகும் ரத்தத்தின் ஓரம் அந்தக் குழிவுகளுக்குள் திரும்பிச் சுழிக்கிறது. அந்தச் சுழி இதழ்களின் முதுகில் கை வைத்த மாதிரி நிற்கிறது. ஓட்டம் தளரத் தொடங்கியதும் இதழ்களை நடுவை நோக்கித் தள்ளுகிறது. அதனால், பின்னோக்கி ரத்தம் பாய்வதற்கு முன்பே வால்வு ஏறக்குறைய மூடிவிடுகிறது.

இதை முதலில் வரைந்தவர் லியோனார்டோ டா வின்சி, 1513 வாக்கில். ரத்தம் உடம்பில் சுற்றி வருகிறது என்று வில்லியம் ஹார்வி 1628இல் எழுதுவதற்கு நூறு ஆண்டுக்கு முன்பு! ஆற்றுச் சுழிகளைப் பார்த்துப் பார்த்து வரைந்த மனிதர், மாட்டு இதயத்தைத் திறந்ததும் அங்கேயும் சுழிதான் இருக்க வேண்டும் என்று கண்டுகொண்டார். 1960களின் கடைசியில் ஆக்ஸ்ஃபோர்டில் பெல்ஹவுஸ் மாதிரி வால்வுகளை வைத்துச் சோதித்தபோது அது சரிதான் என்று தெரிந்தது.

அதனால் சுழி வேறு, கொந்தளிப்பு வேறு. ஒழுங்காகச் சுற்றும் சுழி வால்வுக்குத் துணை. கொந்தளிப்பு என்பது ஒழுங்கே இல்லாத சிதறல். அதில் இதயம் செய்த வேலையில் ஒரு பங்கு சூடாகவும் சத்தமாகவும் வீணாகிறது.

'லப்–டப்' என்பது இதழ்கள் ஒன்றோடொன்று மோதும் சத்தமா?

முழுக்க அப்படி இல்லை. ஓடுகிற தண்ணீரைக் குழாயில் சட்டென்று நிறுத்தினால் சுவரில் பைப் 'டொக்'கென்று அதிருமே, அதுதான். வால்வு மூடியதும் ரத்தம் சடாரென்று நின்று எல்லாவற்றையும் அதிர வைக்கிறது. 'லப்' கீழறைகளின் நுழைவாயில் வால்வுகள், 'டப்' வெளிவாயில் வால்வுகள். இந்த இரண்டுக்கும் நடுவே அமைதி இருக்க வேண்டும். அந்த அமைதியில் கேட்கும் இரைச்சலைத்தான் மருத்துவர்கள் 'மர்மர்' என்கிறார்கள்.

வால்வு சுருங்கினால் உள்ளே என்ன நடக்கிறது?

எங்கள் தாத்தா மேலூர்ப் பக்கத்தில் கண்மாய்க்கு நீர்பாய்ச்சியாக இருந்தவர். மடைப்பலகையை முழுசாகத் தூக்கினால் தண்ணீர் மெத்தென்று போகும். நாலு விரல் மட்டும் தூக்கினால் பீறிட்டு அடிக்கும், பக்கத்தில் நின்று பேச முடியாது. "கொஞ்சமா தெறந்தாத்தான் கரையத் தின்னும்" என்பார். மடைக்கு நேர் எதிரே வாய்க்கால் கரை குழிந்துபோய்க் கிடப்பதைச் சின்ன வயசில் பார்த்திருக்கிறேன்.

மகாதமனி வால்வு சுருங்கினாலும் இதே கதைதான். நல்ல வால்வு திறந்தால் 3 முதல் 4 சதுர செ.மீ. வழி இருக்கும். அது 1 சதுர செ.மீ.க்குக் கீழே போனால் கடுமையான சுருக்கம். உடம்புக்கு வேண்டிய ரத்தமோ அதே அளவு. வழி மூன்றில் ஒன்றானால் வேகம் மூன்று மடங்காக வேண்டும். நல்ல வால்வில் விநாடிக்கு 1.3 மீட்டர் போன ரத்தம் 4 மீட்டரில் பாயும்.

எக்கோவில் நாங்கள் போடும் கணக்கு எளிது. வேகத்தை வர்க்கப்படுத்தி 4ஆல் பெருக்கினால், வால்வின் இரு பக்கத்துக்கும் உள்ள அழுத்த வித்தியாசம் மில்லிமீட்டர் பாதரசத்தில் வந்துவிடும். 1.3 மீட்டருக்கு 7ஐ ஒட்டி வரும். 4 மீட்டருக்கு 64! வேகம் மூன்று மடங்கு ஏறினால் சுமை ஒன்பது மடங்கு ஏறுகிறது. கையில் பிரஷர் பார்த்தால் 120தான் காட்டும். அதே நேரம் இடது கீழறைக்குள் 160, 170 என்று இருக்கும். வெளியே யாருக்கும் தெரியாமல் இதயம் மூட்டை தூக்கிக்கொண்டிருக்கிறது. தசை தடிக்கும். பிறகு படியேறினால் மூச்சு வாங்கும், நெஞ்சு வலிக்கும், மயக்கம் போட்டு விழுவார்கள். இந்த மூன்றில் எது வந்தாலும் தள்ளிப்போடக் கூடாது.

தாத்தா சொன்ன கரை அரிப்பும் உண்டு. சுருங்கிய வால்வைத் தாண்டிய இடத்தில் பீய்ச்சலும் கொந்தளிப்பும் ஓயாமல் மோதி, மகாதமனி சிலருக்கு அங்கே புடைத்துப் போகும். பிறவியிலேயே மூன்று இதழுக்குப் பதில் இரண்டு இதழோடு பிறந்தவர்களுக்கு இந்தப் புடைப்பைக் குறிப்பாகக் கவனித்து அளப்போம். அப்படிப் பிறப்பவர்கள் நூற்றுக்கு ஒன்றிரண்டு பேர்.

கசிவு என்று ரிப்போர்ட்டில் இருக்கிறது. அது சுருக்கத்தைவிட நல்லதா?

அளவைப் பொறுத்தது. மூடவேண்டிய நேரத்தில் இதழ்கள் சேராமல் போனால், தள்ளிய ரத்தத்தில் ஒரு பங்கு திரும்பி வரும். இதயம் அதையும் சேர்த்து மறுபடி தள்ள வேண்டும், அதனால் கீழறை பெரிதாகிக்கொண்டே போகும். 'ட்ரிவியல்', 'மைல்ட்' என்று எழுதியிருந்தால் பெரும்பாலும் பயப்பட ஒன்றுமில்லை. நல்ல இதயத்திலேயே வலது பக்க வால்வுகளில் துளி கசிவு தெரியும். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு ராத்திரி தூங்காமல் கிடந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சத்தம் பெரிதாகக் கேட்டால் நோயும் பெரிது, சத்தம் குறைந்தால் குணமாகிறது, சரிதானே?

இல்லை. இந்தப் பக்கத்தில் வேறெதையும் படிக்காவிட்டாலும் இதைப் படியுங்கள்.

சத்தம் என்பது எவ்வளவு ரத்தம், எவ்வளவு வேகத்தில், எவ்வளவு கலைந்து போகிறது என்பதைச் சொல்கிறது. வழி எவ்வளவு குறுகியிருக்கிறது என்பதை நேராகச் சொல்வதில்லை. கீழறைகளுக்கு நடுச்சுவரில் ஊசிமுனை அளவு ஓட்டையோடு இருக்கும் பிள்ளைக்கு நெஞ்சே இரையும். அந்த ஓட்டை பல நேரம் தானாக மூடிக்கொள்ளும். இன்னொரு பக்கம், பல வருஷம் சுருங்கிய வால்வோடு போராடி இதயத் தசை தளர்ந்துபோனவரை எடுத்துக்கொள்ளுங்கள். தள்ளும் ரத்தமே குறைந்துவிடுகிறது. ரத்தம் குறைந்தால் வேகம் குறையும், வேகம் குறைந்தால் கொந்தளிப்பு அடங்கும், மர்மரும் மெலிந்துபோகும்.

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவரை மகன் கூட்டி வந்தார். "போன வருஷம் ரொம்ப இரையுதுன்னு சொன்னாங்க. இப்ப சத்தம் கொறஞ்சிருச்சாம், மருந்து கேட்டுருச்சு போல" என்றார் சந்தோஷமாக. பெரியவரால் தலையணையில் சாய்ந்து படுக்க முடியவில்லை, உட்கார்ந்தே இருந்தார். திரையில் வால்வு சுண்ணாம்புக் கட்டியாக வெள்ளைவெளேர் என்று அசையாமல் நின்றது. வேகம் 3 மீட்டரைக்கூடத் தொடவில்லை. எண்ணை மட்டும் பார்த்தால் லேசான சுருக்கம் என்று சொல்லிவிடலாம். வழியை அளந்தால் 0.7 சதுர செ.மீ. கண்மாயில் தண்ணீரே வற்றிவிட்டால் மடை இரையாது. அதற்காக மடை சரியாகிவிட்டது என்று சொல்வோமா?

ஸ்டெதாஸ்கோப்பில் கேட்கும் மர்மரை 1 முதல் 6 வரை தரம் பிரிப்பார்கள். 4ஐத் தொட்டாலோ தாண்டினாலோ நெஞ்சில் உள்ளங்கையை வைத்தாலே, கைக்குள் வண்டு அடைபட்ட மாதிரி அதிர்வு தெரியும். உதவியான தரவரிசைதான். ஆனால் முடிவெடுக்க வழியின் அளவும், கீழறையின் பலமும், உங்கள் மூச்சும் சேர்ந்துதான் பேச வேண்டும்.

பள்ளிக்கூடத்தில் டெஸ்ட் பண்ணி, பிள்ளைக்கு மர்மர் இருக்கிறது என்று அனுப்பிவிட்டார்கள். பயமாக இருக்கிறது.

எக்கோ எடுத்துவிடுங்கள். ஆனால் இப்போதே அழ வேண்டாம். பிள்ளைகளுக்கு நெஞ்சுச்சுவர் மெல்லிசு, ஓட்டம் துடிப்பானது. எந்தக் குறையும் இல்லாமலே மர்மர் கேட்கும் பிள்ளைகள் ஏராளம்.

பெரியவர்களிலும், குறிப்பாகப் பெண்களில், ரத்தசோகையாலும் இரைச்சல் வரும். மேலே சொன்ன நாலு சங்கதிக்குப் போங்கள். சிவப்பணு குறைந்தால் ரத்தம் நீர்த்துப் பாகுத்தன்மை இறங்கும். அந்தக் குறையை ஈடுகட்ட இதயம் வேகமாகத் தள்ளும். வகுக்கும் எண் சிறுத்து, பெருக்கும் எண் வளர்ந்தால் நல்ல வால்வில்கூடக் கொந்தளிப்பு எட்டிப்பார்க்கும். ஹீமோகுளோபின் 6 என்று வந்த பெண்ணுக்கு இரும்புச்சத்து ஏற ஏற மர்மர் மறைந்ததைப் பார்த்திருக்கிறேன். காய்ச்சலிலும் தைராய்டு மிகும்போதும் இப்படி நடக்கும்.

திரையில் சிவப்பு நல்ல ரத்தம், நீலம் கெட்ட ரத்தமா?

தினமும் வரும் கேள்வி. இல்லை. நெஞ்சில் நாங்கள் வைக்கும் கருவியான புரோப்பை நோக்கி வரும் ரத்தத்துக்குச் சிவப்பு, விலகிப் போகும் ரத்தத்துக்கு நீலம். நாங்கள் வைத்துக்கொண்ட அடையாளம்தான் அது.

ரயில் பிளாட்பாரத்தை நெருங்கும்போது ஹாரன் கீச்சென்றும், தாண்டிப் போனதும் தடித்தும் கேட்கிறதல்லவா? 1842இல் கிறிஸ்டியன் டாப்ளர் சொன்ன அந்த விதிதான் இங்கே வேலை செய்கிறது. சிவப்பணுக்களில் பட்டுத் திரும்பும் ஒலி எவ்வளவு மாறியிருக்கிறது என்று பார்த்து வேகத்தைக் கண்டுபிடிக்கிறோம். அமைதியான ஓட்டம் ஒரே நிறமாக வழியும். கொந்தளிக்கும் இடத்தில் மஞ்சளும் பச்சையும் நீலமும் சிவப்புமாகப் பொடிப்பொடியாக மின்னும், சுங்குடிச் சேலையில் புள்ளி வைத்த மாதிரி. அந்தப் புள்ளிக் கூட்டம் எந்த வால்வில் தொடங்குகிறதோ, அங்கேதான் நான் அடுத்து அளக்கப் போவேன்.

சின்ன வயசுத் தொண்டை வலிக்கும் வால்வுக்கும் என்ன சம்பந்தம்?

நிறைய இருக்கிறது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமியால் வரும் தொண்டைப் புண்ணை எதிர்க்க உடம்பு செய்யும் ஆயுதம், சில பிள்ளைகளுக்கு ஆள் மாறி அவர்களுடைய வால்வையே தாக்குகிறது. 5 முதல் 15 வயதில்தான் இது அதிகம். தொண்டை வலி வந்து இரண்டு மூன்று வாரம் கழித்துக் காய்ச்சல், ஒரு மூட்டு விட்டு இன்னொரு மூட்டில் வீக்கம். இதுதான் ருமாட்டிக் காய்ச்சல். மூட்டு சரியாகிவிடும். வால்வில் விழுந்த தழும்பு வருஷக்கணக்கில் தடித்து, இதழ்களின் ஓரங்களை ஒட்டவைத்துவிடும். இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் இருக்கும் மைட்ரல் வால்வுதான் பெரும்பாலும் மாட்டிக்கொள்ளும். 4 முதல் 6 சதுர செ.மீ. இருக்க வேண்டிய வழி, மீன் வாய் போலச் சுருங்கிவிடும்.

என் சித்திக்கு 11 வயதில் இது வந்தது. 21 நாளைக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி போடச் சொன்னார்கள். புட்டத்தில் போடும் அந்த ஊசி கடுகடுவென்று வலிக்கும், இரண்டு நாள் காலைத் தாங்கித்தான் நடப்பார். மூட்டு வலி போய்விட்டது, படிப்பும் முடிந்தது, கல்யாணப் பேச்சு வந்ததும் "ஊசி போடுற பொண்ணு" என்ற பேர் வேண்டாம் என்று வீட்டில் நிறுத்திவிட்டார்கள். 24 வயதில் பார்த்தபோது வழி 0.9 சதுர செ.மீ.

அந்த ஊசி பழைய தழும்பை அழிக்காது. அடுத்த தாக்குதலைத் தடுக்கும். ஒவ்வொரு தாக்குதலும் வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுக்கும். இதயம் பாதிக்கப்பட்டிருந்தால் குறைந்தது 10 வருஷம் அல்லது 21 வயது வரை, இதில் எது பிந்தியதோ அதுவரை போட வேண்டும். வால்வு கெட்டிருந்தால் 40 வயது வரை, சிலருக்கு ஆயுள் முழுக்கவும். நிறுத்தும் தேதியை மருத்துவர் சொல்லட்டும். பெண் பார்க்க வருகிறவர்கள் சொல்ல வேண்டாம்.

மைட்ரல் சுருக்கத்தோடு கர்ப்பமானால்?

முன்கூட்டியே இதய மருத்துவரிடம் காட்டிவிட்டுத் திட்டமிட வேண்டும். கர்ப்பத்தில் இதயம் 30 முதல் 50 சதவீதம் வரை அதிக ரத்தத்தைத் தள்ளுகிறது, துடிப்பும் கூடுகிறது. துடிப்பு 70இலிருந்து 110 ஆனால், மைட்ரல் வால்வு வழியாக ரத்தம் இறங்கக் கிடைக்கும் நேரம் ஏறக்குறைய பாதியாகிவிடும். குறுகிய மடை, கூடுதல் தண்ணீர், பாதி நேரம். இறங்க முடியாத ரத்தம் பின்னால் நுரையீரலில் தேங்கும். 'கர்ப்பமானா எல்லாருக்கும் மூச்சு வாங்கத்தான் செய்யும்' என்று வீட்டில் சொல்வார்கள். படுத்தால் மூச்சு முட்டுகிறது, ராத்திரி எழுந்து உட்கார வேண்டியிருக்கிறது, இருமலில் ரத்தம் தெரிகிறது என்றால் அது எல்லாருக்கும் வருவதில்லை. சித்திக்குக் கண்டுபிடித்தது ஆறாவது மாதத்தில்தான். பலூன் வைத்து வால்வைத் திறந்தார்கள், வழி 1.8 ஆனது. அன்று வயிற்றில் இருந்த பிள்ளை இப்போது காலேஜ் போகிறாள்.

எக்கோவில் 'புகை' தெரிகிறது என்றார்களே?

கொந்தளிப்புக்கு நேர் எதிரான ஆபத்து இது. மைட்ரல் வழி குறுகினால் வால்வுக்குக் கீழே ரத்தம் பீய்ச்சும். ஆனால் மேலே, புடைத்துப்போன இடது மேலறையில் தேங்கி நிற்கும். ஓடாத ரத்தத்தில் சிவப்பணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டி, திரையில் ஊதுபத்திப் புகை மாதிரி மெதுவாகச் சுற்றும். அதற்கு அடுத்த கட்டம் ரத்தக்கட்டி. அது கிளம்பி மூளைக்குப் போனால் பக்கவாதம். துடிப்பு தாறுமாறாக இருந்தால் ஆபத்து இன்னும் அதிகம். அதனால்தான் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை தருகிறார்கள்.

வேகமாகப் பாயும் ரத்தம் உடைந்து போகாதா?

போகும். செயற்கை வால்வின் ஓரத்தில் தையல் விட்டுச் சின்ன இடுக்கு வழியாகப் பீய்ச்சினால் சிவப்பணுக்கள் கிழியும். ரத்தசோகை வரும், சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போகும்.

இன்னொன்று, கேட்டால் நம்ப மாட்டீர்கள். மகாதமனி வால்வு கடுமையாகச் சுருங்கிய முதியவர்களில் சிலருக்குக் குடலில் ரத்தக்கசிவு வரும். 1958இல் எட்வர்ட் ஹெய்டு என்ற மருத்துவர் இதைக் கவனித்து எழுதினார். காரணம் பிற்பாடுதான் விளங்கியது. ரத்தம் உறைய உதவும் ஒரு நீளமான புரதம், வால்வின் இழுவிசையில் நீண்டு, துண்டு துண்டாகிவிடுகிறது. வால்வை மாற்றினால் பலருக்குக் குடல் கசிவும் நின்றுவிடுகிறது. நெஞ்சில் உள்ள மடை சரியில்லை என்று வயிறு சொல்கிறது!

செயற்கை வால்வு வைத்தால் ஓட்டம் பழையபடி ஆகிவிடுமா?

நெருங்கி வரும், அச்சு அசலாக ஆகாது. 1960இல் ஆல்பர்ட் ஸ்டாரும் லோவல் எட்வர்ட்ஸும் கொண்டு வந்தது கூண்டுக்குள் பந்து. ரத்தம் பந்தைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். பிறகு சாயும் தட்டு, இரட்டை இதழ் என்று வந்தன. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் எம்.எஸ். வலியத்தான் தலைமையில் உருவான சித்ரா வால்வு சாயும் தட்டு வகை. 1990இல் முதலில் ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. வெளிநாட்டு வால்வுக்குக் காசு இல்லாத எத்தனையோ பேருக்கு உயிர் கொடுத்த வால்வு. அது வைத்தவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தால் கைக்கடிகாரம் மாதிரி 'டிக் டிக்' கேட்கும். அந்தச் சத்தம் மங்கினால் உடனே ஓடிவர வேண்டும், தட்டில் கட்டி சேர்ந்திருக்கலாம்.

உலோக வால்வில் சில மூலைகளில் ரத்தம் தேங்கும், சில இடங்களில் உராயும். இரண்டுமே உறைதலைத் தூண்டும். அதனால் ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் அல்லது அசிட்ரோம் ஆயுள் முழுக்க வேண்டும். ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் எண்ணான ஐ.என்.ஆர். பொதுவாக மகாதமனி வால்வுக்கு 2 முதல் 3, மைட்ரலுக்கு 2.5 முதல் 3.5. உறையாமல் தடுக்கும் புது மாத்திரைகள் உலோக வால்வுக்கு உதவாது. கடையில் மாற்றிக் கொடுத்தால் வாங்காதீர்கள். முருங்கைக்கீரையை விட வேண்டியதில்லை, வாராவாரம் ஒரே அளவாகச் சாப்பிடுங்கள். மாசம் முழுக்கத் தொடாமல் இருந்துவிட்டு ஒரே நாளில் சட்டி நிறையச் சாப்பிட்டால் ஐ.என்.ஆர். கீழே போய்விடும். மூட்டு வலி மாத்திரை, லேகியம் எதுவானாலும் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். கர்ப்பமாக விரும்பினால் அதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். வார்ஃபரின் கருவைப் பாதிக்கும்.

விலங்கின் திசுவில் செய்த திசு வால்வுக்கு இந்த மாத்திரை பெரும்பாலும் சில மாதத்துக்குத்தான். ஆனால் வருஷங்கள் போனால் அது தேயும்.

பல் பிடுங்கப் போகிறேன், சொல்ல வேண்டுமா?

கட்டாயம். பீய்ச்சல் போய் மோதும் இடத்தில் இதயத்தின் உள்தோல் சிராய்ந்திருக்கும். வாயிலிருந்து ரத்தத்துக்குள் நுழையும் கிருமிகள் அங்கே ஒட்டிக்கொள்ளும். செயற்கை வால்வு உள்ளவர்களுக்குப் பல் வேலைக்கு முன் ஆன்டிபயாடிக் தருவார்கள். வால்வு நோய் உள்ள எவருக்கும் காய்ச்சல் நாள்கணக்கில் விட்டு விட்டு அடித்தால், கடையில் மாத்திரை வாங்கிப் போடுவதற்கு முன் ரத்தக் கல்ச்சர் எடுக்க வேண்டும். மாத்திரை போட்ட பிறகு எடுத்தால் கிருமி பிடிபடாமல் போய்விடும்.

நெஞ்சைத் திறக்காமல் சரிசெய்ய முடியாதா?

சிலருக்கு முடியும். ஒட்டிய மைட்ரல் இதழ்களைத் தொடை ரத்தக்குழாய் வழியாகப் பலூன் கொண்டுபோய்ப் பிரிக்கலாம். ஜப்பானின் கான்ஜி இனோவே 1982இல் தொடங்கிய முறை. மேலறையில் கட்டி இருந்தாலோ கசிவு அதிகமாக இருந்தாலோ செய்ய மாட்டார்கள். மகாதமனி வால்வை நெஞ்சு திறக்காமல் மாற்றுவதை பிரான்சில் அலென் கிரிபியே 2002இல் முதலில் செய்தார். இங்கே அதற்கு இன்னும் செலவு அதிகம்.

பணம்?

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் வால்வு அறுவை சிகிச்சை வருகிறது. பெரியாஸ்பத்திரியில், அதாவது அரசு இராசாசி மருத்துவமனையில், இதயப் பிரிவும் இதய அறுவைப் பிரிவும் இருக்கின்றன. காப்பீட்டு அட்டை, குடும்ப அட்டை, ஆதாரோடு போங்கள்.

எக்கோவுக்கு வெறும் வயிற்றோடு வர வேண்டுமா?

வேண்டாம், சாப்பிட்டுவிட்டே வரலாம். தொண்டை வழியாகக் குழாய் விட்டுப் பார்க்கும் எக்கோவுக்கு மட்டும்தான் பட்டினி. முன்னால் பட்டன் வைத்த சட்டையோ ஜாக்கெட்டோ போட்டு வாருங்கள். ஜெல் சில்லென்று இருக்கும், கறை படியாது. இரைச்சல் கேட்டதும் மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டாம். நான் "மூச்ச வெளிய விட்டு நிறுத்துங்க" என்று சொல்லும்போது மட்டும் நிறுத்துங்கள். நுரையீரல் விலகி வால்வு தெளிவாகத் தெரியும். முக்கியமாக, பழைய எக்கோ ரிப்போர்ட் எத்தனை வருஷத்து மஞ்சள் தாளாக இருந்தாலும் எடுத்து வாருங்கள். போன வருஷம் 1.2 இருந்த வழி இப்போது 0.9 என்று தெரிந்தால், மருத்துவருக்கு அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்காது.